நாலு லட்சம் கடனும் பி.எஸ்சி. கணிதமும்

நீங்கள் எழுதியதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரிந்துவிடும். வீடு ஆரணியில், அப்பாவுக்குப் பட்டுத் தறி. பிளஸ் டூ கணிதத்தில் உங்களுக்கு 99. சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. கணிதத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணமும் விடுதியும் சேர்த்து மூன்று வருடத்துக்கு 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், வங்கியில் 4 லட்சம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மாமாவோ, ‘கணக்குப் படிச்சா வாத்தியார் வேலைதான், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரு’ என்கிறார். கணிதப் பட்டத்தில் வரும் சம்பளத்தை வைத்து இந்தக் கடனை அடைத்துவிட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கணிதம் படித்துப் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. அதை இந்த இடத்தில், இந்த விலைக்குப் படிக்கலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில், முடியும், ஆனால் தாமதமாக. இரண்டாவதற்கு, வேண்டாம். ஏன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், அப்பாவிடமும் மாமாவிடமும் காட்ட உங்களுக்கு உதவும்.

நானும் பி.எஸ்சி., எம்.எஸ்சி. கணிதம்தான். படித்தது அரசு கலைக் கல்லூரியில். அங்கே வருடக் கட்டணம் என் பஸ் செலவைவிடக் குறைவு. பிறகு வங்கித் தேர்வு எழுதி ஒரு பொதுத்துறை வங்கியில் சேர்ந்து 20 வருடம் ஆகிறது. அதில் பாதிக் காலம் வட மாவட்டக் கிளைகளில் கடன் பிரிவு. கல்விக் கடன் கேட்டு வரும் பிள்ளைகளையும், ஆறேழு வருடம் கழித்து அவர்கள் கொண்டுவரும் சம்பளச் சீட்டையும் பார்த்தவன் என்ற முறையில்தான் பேசுகிறேன். இதில் ஒரு ஓட்டை உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரமமில்லாமல் கட்டுபவர்கள் செல்போனிலேயே கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தவணை தவறியவர்கள்தான் என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவார்கள். ஆகையால் என் பார்வை கொஞ்சம் இருட்டுப் பக்கம் சாய்ந்ததாக இருக்கலாம். அதற்கேற்பத் தள்ளுபடி செய்து படியுங்கள்.

முதலில் கணக்கு, ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு வங்கி இது மாறும், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ரெப்போ வட்டி விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். பெண்களுக்கு அரை சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. 4 லட்சத்தை மூன்று பங்காக, வருடத் தொடக்கத்தில் ஒவ்வொன்றாகக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். படிக்கும் காலம், அதன்பின் ஒரு வருடம், இதுவரை தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டிதான், கூட்டுவட்டி இல்லை, அந்த மட்டில் ஆறுதல். முதல் பங்குக்கு நாலு வருட வட்டி, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு. மொத்தம் 1,20,000. ஆக, நீங்கள் முதல் தவணை கட்ட உட்காரும் நாளில் கடன் 5,20,000. பத்து வருடத்தில் அடைப்பதாக எழுதினால் மாதத் தவணை 6,872 ரூபாய். ஏழு வருடம் என்றால் 8,633. பத்து வருடக் கணக்கில் முழுதாகக் கட்டி முடிக்கும்போது உங்கள் கையிலிருந்து போயிருப்பது ஏறக்குறைய 8 லட்சத்து 25 ஆயிரம்.

இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் 1,65,000 கட்டியிருப்பீர்கள். அசல் குறைந்திருப்பது 67,000தான். ‘இவ்வளவு கட்டியும் பாக்கி அப்படியே இருக்கே சார்’ என்று பாஸ்புக்கைக் காட்டிக் கேட்காத பெற்றோரே இல்லை. வங்கி ஏமாற்றவில்லை, தொடக்கத்தில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகும். உங்களுக்கு இது பெருக்குத் தொடர் கணக்குதான், பிளஸ் ஒன்னில் போட்டிருப்பீர்கள். தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது இந்தத் தவணை எந்த வயதில் வருகிறது என்று பார்க்கலாம். பி.எஸ்சி. முடிக்கும்போது உங்களுக்கு 20 வயது. தவணை 21இல் தொடங்கும். கணிதத்தில் மூன்று வருடப் பட்டம் என்பது பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. நல்ல சம்பளம் தரும் கதவுகள் எல்லாம் எம்.எஸ்சி.யையோ, பி.எட்.டையோ, ஒரு போட்டித் தேர்வையோ தாண்டித்தான் இருக்கின்றன. அதாவது 22 முதல் 25 வயது வரை நீங்கள் இன்னும் படித்துக்கொண்டோ தேர்வுக்குத் தயாராகிக்கொண்டோ இருப்பீர்கள். கடனின் காலண்டரும் கணிதத்தின் காலண்டரும் ஒத்துப்போகாது. உங்கள் கேள்வியில் உண்மையான சிக்கல் இதுதான். மொத்தச் சம்பாத்தியத்தை வைத்துப் பார்த்தால் கடன் அடையும். அது தேவைப்படும் அந்த நாலு வருடத்தில் சம்பாத்தியம் இருக்காது.

இதை எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி காட்டியது ஒரு பால்காரர். அவருடைய மகள் உங்களைப் போலவே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தாள், கெட்டிக்காரி. முடித்ததும் எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டாள். மேல்படிப்புக்குப் போனால் கடனும் தானாகத் தள்ளிப்போகும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். தானாகத் தள்ளிப்போகாது. மேல்படிப்புக்கான கூடுதல் கடனாகவோ கால நீட்டிப்பாகவோ எழுதிக் கேட்க வேண்டும், வங்கி ஒப்புக்கொள்ளவும் வேண்டும். எழுதிக் கேட்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கடன் கொடுத்த அன்று அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் எங்கள் கிளையில்தான் இருந்தோம். அவள் எம்.எஸ்சி. முதல் வருடத் தேர்வு எழுதும் மாதத்தில் முதல் தவணை விழுந்தது. மூன்று மாதம் கட்டாததால், 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விட்டது. அப்பா கடனில் கூட்டுக் கையெழுத்து என்பதால் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழுந்தது. கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வந்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. அதன்பிறகு பால் சொசைட்டியில் பதினைந்து நாளுக்கொரு முறை பட்டுவாடா ஆகும் பணத்திலிருந்து அவரே கட்டத் தொடங்கினார். ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டு, சில நாள் அதில் தவிடு ஒட்டியிருக்கும். கேஷியர் இரண்டு முறை எண்ணுவார்.

இனி சம்பளம். உறுதியாகச் சொல்லக்கூடியது அரசு விகிதங்கள். பி.எஸ்சி., பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் நியமனத் தேர்வும் தேறிப் பட்டதாரி ஆசிரியரானால் தமிழ்நாட்டில் அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயில் தொடங்கும். எம்.எஸ்சி., பி.எட்.டோடு முதுநிலை ஆசிரியரானால் 36,900. இரண்டுக்கும் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. அரசு கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியருக்குத் தொடக்கம் 57,700. அதற்கு எம்.எஸ்சி.க்கு மேல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். பொதுத்துறை வங்கி அதிகாரிக்கு அடிப்படை 48,480, எழுத்தருக்கு 24,050. இதற்கு எந்தப் பட்டமும் போதும், ஆனால் தேர்வில் கணக்குப் பகுதியில் நம்மவர்கள் மற்றவர்களைவிட முன்னால் நிற்பார்கள். ஆராய்ச்சிக்குப் போனால், ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியவர்களுக்கு மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள தொகை. படித்துக்கொண்டே இந்தப் பணம் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த எண்கள் உறுதி. உங்களுக்கு அந்த இடம் எப்போது கிடைக்கும் என்பது உறுதியில்லை. ஆசிரியர் நியமன அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை. வந்தாலும் வழக்கு, தடை, மறுபட்டியல் என்று இழுக்கும். எட்டு வருடம் காத்திருந்து வேலைக்குப் போனவரும் எனக்குத் தெரியும், முதல் தேர்விலேயே போனவரும் தெரியும். அந்தக் காத்திருப்புக் காலத்தில் என்ன சம்பளம் என்பதுதான் கடனுக்கு முக்கியம். அதை எந்த அரசாணையும் சொல்லாது. நான் பார்த்த சம்பளச் சீட்டுகளை வைத்துச் சொல்கிறேன். தனியார் பள்ளிக் கணக்கு ஆசிரியைக்கு எங்கள் பக்கம் 12,000 முதல் 18,000. சுயநிதிக் கல்லூரி விரிவுரையாளர், எம்.பில். முடித்தவர், 15,000 முதல் 22,000. மெட்ரிக் பள்ளியில் 14,000 வாங்கிக்கொண்டு சாயந்தரம் ட்யூஷனில் அதே அளவு சம்பாதிப்பவர்கள் உண்டு, ஆனால் அது சீட்டில் வராது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்களில் நல்ல கணக்கு ஆசிரியருக்கு நல்ல காசு. அந்த வேலை சென்னை, கோவை மாதிரி நகரங்களில்தான். ஐ.டி. கம்பெனிகள் பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களைத் தனியாக எடுக்கின்றன. விப்ரோ மாதிரி இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டமும் இருக்கிறது, பல வருடம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு. தொடக்கத்தில் இன்ஜினியரைவிடக் குறைவாகத்தான் தருவார்கள். காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி என்று ஒரு தொழில் உண்டு, இழப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பிரீமியம் நிர்ணயிப்பது. கணிதக்காரர்களுக்கென்றே அமைந்த மாதிரி, பணமும் அதிகம். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் கட்டணம், வருடக் கணக்கில் ஆகும். புள்ளியியல் அதிகாரிப் பணி கண்ணில் பட்டிருந்தால் ஒரு எச்சரிக்கை: இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதப் பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். கணிதப் பட்டம் மட்டும் போதாது. துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். பலர் மூன்றாம் வருடத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆக, பட்டம் முடித்ததும் நிச்சயம் கிடைக்கக்கூடிய வேலை, யார் சிபாரிசும் அதிர்ஷ்டமும் இல்லாமல் கிடைப்பது, மாதம் 15,000 என்று வையுங்கள். அதில் 6,872 தவணை. சென்னையில் விடுதி வாடகை போக என்ன மிஞ்சும்? நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. வங்கி விதி ஒன்றும் இல்லை, என் அனுபவ விதி. தவணை தொடங்கும்போது இருக்கும் கடன், உங்களுக்கு நிச்சயம் கிடைக்கக்கூடிய மிகச் சாதாரண வேலையின் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பி.எஸ்சி. கணிதத்துக்கு அது சுமார் 2 லட்சம். 2 லட்சத்துக்குப் பத்து வருடத் தவணை 2,643, மூச்சு விடலாம். உங்கள் கடன் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டில் ‘அதிகபட்ச சம்பளம்’ என்று ஒரு பெரிய எண் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் அப்பா மயங்கியிருப்பார். மாணவர் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள். போன வருடம் கணிதத் துறையிலிருந்து மட்டும் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வளாக நேர்காணலில் வேலை கிடைத்தது? சம்பளத்தை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு? இடைநிலை அளவு என்று பள்ளியில் படித்தீர்களே, அதேதான். பல்கலைக்கழகம் முழுவதற்குமான சராசரியைச் சொன்னால் அது கம்ப்யூட்டர் துறையின் சம்பளம், உங்களுடையது இல்லை. நான் தெரிந்தவர்களுக்காக மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூட எண் தரவில்லை; ஒருவர் மட்டும் நேரில் வாருங்கள் என்றார்.

இவ்வளவுக்கும் பிறகு, கணிதத்தை விடுங்கள் என்று சொல்லப் போகிறேன் என நினைக்காதீர்கள். இந்தியாவில் கணிதம் ஒரு வினோதமான படிப்பு: மிக நல்ல இடங்களில்தான் அது மிக மலிவு. மருத்துவம் மாதிரி ஆய்வகமோ ஆஸ்பத்திரியோ வேண்டாம், கரும்பலகையும் நல்ல ஆசிரியரும் நூலகமும் போதும். இந்தியப் புள்ளியியல் நிறுவனம், புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் 1931இல் தொடங்கியது. அதன் பெங்களூர் மையத்தில் பி.மேத். என்ற கணிதப் பட்டம், கொல்கத்தாவில் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டம். கல்விக் கட்டணம் கிடையாது. மாறாக மாதம் 5,000 ரூபாய் அவர்களே தருகிறார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, சிறுசேரியில், சென்னை கணிதவியல் நிறுவனம். அங்கே கட்டணம் உண்டு, குடும்ப நிலையைப் பார்த்துக் குறைப்பார்கள் அல்லது விலக்குவார்கள். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு, மிகக் கடினம், இடங்களும் கொஞ்சம்தான். கிராமப்புறப் பள்ளியிலிருந்து நேரே போவது அரிது என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்த வருடத் தேர்வு முடிந்திருக்கும். ஆனால் ஒரு வருடம் வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே அடுத்த மே மாதம் எழுதிப் பார்க்க ஒரு தடையும் இல்லை. பழைய வினாத்தாள்கள் இரண்டு நிறுவனங்களின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

அது கிடைக்காவிட்டால்? செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி உங்கள் ஊரிலிருந்து பஸ் தூரம்தான். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அங்கே எல்லாம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். நிரந்தர ஆசிரியர் குறைவு, கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் பல அரசுக் கல்லூரிகள் ஓடுகின்றன. பகுப்பாய்வு, இயற்கணிதம் எல்லாம் குறிப்பேட்டை எழுத வைத்துத் தேர்வுக்குத் தள்ளிவிடுவதும் நடக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட வழி இருக்கிறது, அதுவும் காசில்லாமல். 1993இல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி இருக்கிறது. கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, நாலு வாரம் தங்கவைத்து, சாப்பாடு போட்டுக் கணிதம் சிந்திக்கச் சொல்லித் தருவார்கள். ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், முதல் வாரம் அழுகை வரும். என்னோடு படித்த ஒருவன் அங்கே போய்த் திரும்பியபோது ஆளே மாறியிருந்தான். இப்போது ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையதளத்தில் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம்.

பி.எஸ்சி.யை இப்படி மலிவாக முடித்துவிட்டு, எம்.எஸ்சி.க்குப் பெரிய இடத்தைப் பிடிப்பதுதான் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒத்துவரும் பாதை. ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் புதுச்சேரி உங்களுக்குக் கிட்டம், ஹைதராபாத் கணிதத்துக்குப் பெயர் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயர்கணித நிறுவனம் சேப்பாக்கத்தில். அழகப்பச் செட்டியார் பணம் கொடுத்து 1950இல் தொடங்கிய நிறுவனம்தான் பிற்பாடு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது கடைசிப் பட்டம் எங்கே என்பதைத்தான். ராமானுஜன் பெயரைச் சொன்னதால் ஒன்று. கணிதம் என்றாலே அவரை இழுத்து ‘வறுமையிலும் படித்தார்’ என்பார்கள். 1912இல் துறைமுகக் குமாஸ்தாவாக மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் இருந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் முழுநேரமும் கணிதத்தில் உட்கார்ந்தார். அவருக்கே கொடுத்தது உதவித்தொகைதான், கடன் இல்லை.

கடனைப் பற்றிச் சில தப்பெண்ணங்களையும் துடைத்துவிடுகிறேன். ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள், 4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டாம். இதெல்லாம் உண்மை. ‘அரசாங்கமே உத்தரவாதம் கொடுக்குதாமே’ என்பதும் உண்மை, ஆனால் அந்த உத்தரவாதம் வங்கிக்கு. உங்களை அது காப்பாற்றாது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் கால வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. சாதாரண பி.எஸ்சி. கணிதத்துக்கு அதை நம்பி இறங்காதீர்கள். 2024 நவம்பரில் ஒப்புதலான பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானமுள்ள வீடுகளுக்கு 3 சதவீத வட்டி மானியம் இருக்கிறது. ஆனால் தரவரிசையில் வந்த குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு மட்டும். உங்களுக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கிளையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். தேர்தல் வந்தால் தள்ளுபடி ஆகும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படிக் காத்திருந்து 3 லட்சக் கடனை 5 லட்சமாக்கிக்கொண்டு, பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வங்கி நோட்டீஸ் வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

மாமா சொன்ன இன்ஜினியரிங்குக்கும் நியாயம் செய்ய வேண்டும். நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று எழுதவில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால், கவுன்சிலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் மாநில அரசே கட்டும். அப்படியானால் 4 லட்சம் கடனோடு கணிதம், கடனே இல்லாமல் இன்ஜினியரிங் என்ற ஒப்பீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன். அரசுக் கல்லூரியில் கணிதம் என்றாலும் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும், பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது அது உண்டு. மற்றபடி கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்றாலே லட்சங்கள் என்பது பழைய கதை. பெரிய ஐ.டி. கம்பெனிகள் புதியவர்களுக்குத் தரும் வருடச் சம்பளம் மூன்றரை லட்சம் பக்கம் பத்து வருடத்துக்கு மேலாகக் கிட்டத்தட்ட நகராமல் நிற்கிறது. நாலு வருடம் கழித்து அந்த வேலைகள் எத்தனை மிஞ்சும், செயற்கை நுண்ணறிவு எதைத் தின்றிருக்கும் என்று இப்போது அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை, கணிதக்காரர்களுக்குப் பொற்காலம் வருகிறது என்பவர்களையும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று, யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். 99 வாங்கினீர்கள், சரி. அந்த 99 நீங்கள் கணக்குப் போடுவதில் கெட்டி என்று காட்டுகிறது. கல்லூரிக் கணிதம் வேறு ஜாதி. முதல் வருடத்திலேயே விடை கண்டுபிடிப்பது போய், ‘இது ஏன் உண்மை’ என்று நிரூபிப்பது வந்துவிடும். நூற்றுக்கு நூறு வாங்கி வந்து முதல் பருவத்தில் கலங்கிப்போனவர்கள் என் வகுப்பிலேயே நாலு பேர். அதில் இரண்டு பேர் தேறிவிட்டார்கள், இரண்டு பேர் மூன்று வருடம் மனப்பாடத்திலேயே ஓட்டினார்கள். இதைச் சோதிக்க ஒரு சின்ன வழி. ஒரு கல்யாண வீட்டில் எந்த ஆறு பேரை எடுத்துக்கொண்டாலும், அவர்களில் ஒருவரையொருவர் அறிந்த மூன்று பேரோ, ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரோ கட்டாயம் இருப்பார்கள். ஏன்? சூத்திரம் எதுவும் வேண்டாம், ஆறு புள்ளி வைத்துக் கோடு போட்டாலே போதும். விடையைத் தேடிப் படிக்காதீர்கள். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அது மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறதா, இல்லை எரிச்சலில் நோட்டை மூடிவிட்டீர்களா என்று மட்டும் கவனியுங்கள்.

இதற்குப் பிறகும் அந்தப் பல்கலைக்கழகம்தான் என்று வீட்டில் முடிவானால், கையெழுத்துப் போடும் முன் வங்கியில் மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். தவணை தொடங்கும் மாதம், வருடம் எழுத்தில் வேண்டும். மேல்படிப்புக்குப் போனால் நீட்டிப்புக்கு எப்போது, யாருக்கு எழுதிக் கேட்பது என்று தெரிய வேண்டும். படிக்கும்போதே மாத வட்டியைக் கட்டினால் விகிதம் குறையுமா என்றும் கேளுங்கள், சில வங்கிகளில் 1 சதவீதம் வரை குறைப்பார்கள். முதல் வருடம் அது மாதம் 1,100 ரூபாய்தான் வரும், அப்பாவால் முடியுமென்றால் பெரிய சேமிப்பு. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தையும் கையோடு இணையத்தில் போட்டு வையுங்கள், கட்டணம் பெரிதில்லை. கடைசித் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம், அந்த ஆறு பேர் கணக்கு வந்துவிட்டால் எனக்கு எழுதுங்கள். ஐந்து பேர் இருந்தால் ஏன் அது பொய்த்துப்போகலாம் என்பதையும் சேர்த்து.